அனுப்புநர் பெயர்

ஹவுன்ஸ்லோ, லண்டன், 12.09.2009

அன்பின் சிவரூபினிக்கு,

நான் சுகம். மாமியின் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

குடியுரிமை கேளாமல் நிரந்தர வதிவிட முத்திரையை மட்டும் புதுப்பித்தால் பழைய கதை கிளம்பாது. குடியுரிமைப் படிவமோ திருமணமானவரா என்று கேட்கிறது. வந்திறங்கியபோது, என்னைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்தபடி, குடிவரவு அதிகாரியிடம் இல்லை என்றுவிட்டேனே!

நேற்று மேலறைச் சண்முகராசா அண்ணை உமது கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். உறையில் அனுப்புநர் பெயர், நான் உமக்குச் சொன்னபடி, என் தங்கச்சி தவநாயகி.

"தங்கச்சிமார் கிழமைக்குக் கிழமை கடிதம் போடுவினமோ, தம்பி?"

சிரித்துச் சமாளித்தேன். படிவத்தைத் தானே நிரப்பித் தருகிறாராம். ஏன் இந்த அக்கறை?

எங்கள் விவாகப் பதிவை அனுப்பும், கொஞ்சம் மிளகாய்த்தூளும். லோயரிடம் உள்ளதைச் சொல்லிக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. இனிமேல் உறையில் 'திருமதி சிவரூபினி குகதாசன்' என்றே எழுதும். அண்ணை வாசிக்கட்டும்.

உமது
குகதாசன்