ரப்பர் கையும் தகரக் கையும்

அன்புள்ள அம்மாவுக்கு, எடின்பரோவிலிருந்து ரெஜினா வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலியோடு இன்னும் மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கப் போகிறாயா? விழுப்புரம் டாக்டர் சொன்னதைக் கேள். நான் நலம்.

பயப்படாமல் படி. நாவல்களில் வரும் ‘நான்’ வெறும் சொற்களால் கட்டியது என்பதுதானே என் ஆராய்ச்சி. மூளையைப் பற்றிப் படிக்கும் தோழி ஒருத்தி நேற்று என் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்தாள். இரண்டையும் ஒன்றாகப் பிரஷ்ஷால் தடவினாள். சற்று நேரத்தில் ரப்பர் கை என் கையாகிவிட்டது. திடீரென்று அதன்மேல் சுத்தியலால் அடித்தாள். “அம்மா” என்று அலறிவிட்டேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ‘நான்’ வெறும் சொல்தான் என்றால் அலறியது யார்? இத்தனை நாள் எழுதியதெல்லாம் பொய்யோ என்றிருக்கிறது.

சின்ன வயதில் என் வலது கை முறிந்தபோது மாதா கோயிலில் தகரத்தில் செய்த கை உருவத்தைக் காணிக்கை வைத்தாயே. இது இடது கை என்று நான் சொன்னதற்கு, “கடையில இதான் இருந்துச்சி. எந்தக் கைன்னு மாதாவுக்குத் தெரியாதா?” என்றாய்.

நூலகத்தை மூடப்போகிறார்கள், முடிக்கிறேன். அந்தத் தகரக் கை இன்னும் கோயிலில் இருந்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் கொஞ்சம் தடவிக்கொடு. இங்கே அப்போது விடிந்திருக்காது. இடது கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ரெஜினா