மருத்துவச்சி இல்லாத குழு

மார்ச் 3, ஞாயிறு

இன்று மதியம் என் மருத்துவச்சி செத்துப்போனாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தில், இரண்டு வருடமாக நான் ஆடிவந்த பாத்திரம். பாழடைந்த கோட்டை, பாலத்தின் மேல் அம்பு மழை. போர்வீரனாக ஆடும் மலை (அந்த ஒல்லிக்குச்சிக்கு யார் வைத்த பேரோ!) வழக்கம்போல யாரையும் கேட்காமல் முன்னே ஓடி விழுந்தான். கட்டுப்போடக் குனிந்தேன். பகடையில் விழுந்த எண் ஒன்று, இருப்பதிலேயே மோசம். எங்கள் ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். மந்திரம் போட்டு எழுப்புவதெல்லாம் கிடையாது. ஆட்டத்தை நடத்தும் கண்ணாடிக்கடைக்காரர் சங்கடத்தோடு, “மன்னிச்சுக்கம்மா, அம்பு தொண்டைல” என்றார்.

என் தம்பி வேறு வீட்டில் இருக்கிறான், ஆட்டத்தில் திருடனாக ஆடுகிறவன். அவள் உடம்பு ஆறக்கூட இல்லை, “சரி விடுக்கா, இன்னொரு மருத்துவச்சி பண்ணிக்க. பேர மட்டும் மாத்திடு” என்கிறான்.

உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். நான்தான் எழுந்து போனேன்.

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் சோதிக்க வேண்டிய கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. கை ஓடுகிறது, மனசு ஓடவில்லை. இல்லாத ஒருத்திக்காகவா இவ்வளவு வருத்தம்? இல்லை. ‘பேர மட்டும் மாத்திடு’ — அதுதான் குத்துகிறது.

அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து ஆட்டம் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான். வேலை நாளில் அப்பாவோடு இருக்கும் ஆயாவுக்கு ஞாயிறு விடுமுறை, என்னால் வெளியே வர முடியாதென்று எல்லோரும் இங்கே வருகிறார்கள். நல்ல மனசுதான். நான் ஏன் வெளியே வர முடியாது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

புதிதாக ஒரு வில்லாளிப் பாத்திரத்தோடு ஆட உட்கார்ந்தேன். முன்னால் போய் வேவு பார்ப்பாள். கட்டுப்போடத் தெரியாது.

தம்பி முகம் சுருங்கியது. “அப்ப யாரு கட்டுப்போடறது? மொத சண்டையிலயே எல்லாரும் காலி.”

“நீ போடேன்.”

“எனக்கு அதெல்லாம் வராதுக்கா. எப்பவும் நீதானே...”

“ஏன்டா எப்பவும் நானே? ஆட்டத்துலயும் நான், வீட்லயும் நான். அப்பாவ குளிப்பாட்டறது எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?”

மலை பகடைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். ச்சே, எல்லோர் முன்னாலுமா கேட்டேன்? ஆமாம், கேட்டேன்.

கடைசியில் தம்பி, “சரி, நான் வைத்தியனா வரேன்” என்றான். கடுப்போடுதான்.

மார்ச் 17, ஞாயிறு

தம்பியின் வைத்தியன் மலையைத் துரத்தித் துரத்திக் கட்டுப்போட்டான். “டேய், நில்லுடா! ரத்தம் கொட்டுது, இவன் வீரவசனம் பேசறான்!” எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “இவ்ளோ கட்டுப்போட்டும் ஒருத்தனும் ஒரு வார்த்த நல்லதா சொல்ல மாட்டேங்கறான்க்கா” என்றான். நான் அப்பாவின் மாத்திரைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தான்.

“அப்பாவ எழுப்பறப்போ எந்தப் பக்கம் பிடிக்கணும்?”

செய்து காட்டினேன்.

மார்ச் 20, புதன்

தம்பி வந்து அப்பாவைக் குளிப்பாட்டினான். கூடம் வரைக்கும் வெள்ளம்.

மார்ச் 31, ஞாயிறு

காலையிலேயே தம்பி வந்துவிட்டான். “இன்னைக்கு ஆட்டம் கண்ணாடிக்கடை மாடில. நீ போ. நான் வரல, அப்பாவுக்கு சவரம் பண்ணணும்.”

அங்கே கடைக்காரர் நடத்த, ஆடியது நானும் மலையும் மட்டும். கோட்டையை விட்டு வெளியே வர வேண்டும், வாசலில் காவல் பலமாக இருந்தது. மலை வாளில் கை வைத்தான், பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன பண்ணலாம்? அடிபட்டா கட்ட ஆளில்ல” என்றான். இவனா கேட்கிறான்! சாக்கடை வழியாகத் தவழ்ந்து வெளியேறினோம். வீரம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தால் தம்பி சோபாவில் வாய் பிளந்து தூங்குகிறான். ஜன்னலோரம் அப்பா, மோவாயில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துக் குழறிக் குழறி,

“அதுக்குள்ள ஏம்மா வந்துட்ட?” என்றார்.