மூடியில் ஒரு பொட்டு

தனா,

விசாரணைக்கு வந்தவர்கள் என் போனை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதனால் இதைத் தம்பி உதயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ தங்கவயலில் அம்மா வீட்டிலேயே இரு. இப்போதைக்குப் பெங்களூர் பக்கம் வராதே.

லாயிட் சார் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் ஓட்டிப்போன குட்டி விமானத்தின் எஞ்சின் மேலேயே இறுகி நின்றுவிட்டது. அதற்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்; வெறும் பெட்ரோல் போனால் எஞ்சின் இறுகிவிடும். கலந்த கேனின் மூடியில் மட்டும் குங்குமப் பொட்டு வைப்பது என் வழக்கம். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்.

"எதுல ஆயில் கலந்திருக்குன்னு எப்படிப்பா தெரியும்?" என்று இன்று ஆபீசர் கேட்டார்.

"ஞாபகத்துலதான் சார்" என்றேன்.

ஆயுத பூஜையன்று நான் பழம் வாங்கப் போயிருந்தபோது நீ விமான ஷெட்டில் தனியாக இருந்தாய். ஆசையாகத்தான் செய்திருக்கிறாய். மறுநாள் கைக்கு வந்த கேனில் பொட்டைப் பார்த்ததும் ஊற்றிவிட்டேன். விமானம் விழுந்த பிறகுதான் எல்லா மூடியிலும் பொட்டு இருப்பதைப் பார்த்தேன்.

நாளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாப் பொட்டும் நான் வைத்ததுதான் என்று சொல்லப்போகிறேன்.

குங்குமக் கிண்ணத்தோடு ஷெட்டில் ஒரு செல்ஃபி எடுத்தாயே, அதை அழித்துவிடு.

உன் வீட்டுக்காரன்