அம்மா தலையில் விழுந்த கார்த்துணி

பாவா,

அம்மாவைப் பள்ளிப்பட்டில் விடப் பஸ்ஸில் போகிறேன். உங்கள் காரில் ஏற மாட்டாளாம். காருக்குள் சத்தம் வரக்கூடாதென்று கூரையின் உள்பக்கம் ஷீட் ஒட்டி, அதன்மேல் புதுத்துணியும் ஒட்டினீர்களே, நேற்று மலையிலிருந்து இறங்கும்போது அது மொத்தமாக அவள் தலையில் விழுந்தது. பசை இன்னும் முடியை விட்டுப் போகவில்லை.

கடையில் கொடுங்கள் என்றேன். "வீடியோ பாத்துகினு நானே செஞ்சிடுவேன்" என்ற இன்ஜினியர் நீங்கள்தான். பாவம் அம்மா, துணிக்குள்ளிருந்தே, "சத்தமே கேக்கல மாப்ள, நல்லா பண்ணிகிறீங்க" என்றாள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

கூரைத்துணியைச் சரிசெய்ய மதியம் அரக்கோணத்திலிருந்து சீட்கவர் கடைக்காரர் வருவார். சாவியை அவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

அனுசுயா

குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று நான் போன் செய்ய மாட்டேன். நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.