பிள்ளைகள் எழுந்துபோன பின் கேட்ட பாட்டு

இன்று காலை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுக் குழந்தையின் டிவியிலிருந்து மோர்சிங் சத்தம் கேட்டது. "கேட்டியா?" என்று திரும்பினேன். அடுக்களையில் யாருமில்லை. நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்தத் திரும்பும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு நான் வந்த புதிது. ஒருத்தரையும் தெரியாது. வீட்டுக்காரர் ஃபேக்டரிக்குக் கிளம்பியதும் மகளோடு கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து நீ உன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"எங்க ஊட்டு டிவி ரிப்பேரு. பொம்ம ப்ரோக்ராம் பாக்கணும்னு இவன் அழுதுகினே கீறான். உள்ள வர்லாமா?"

அந்த நிகழ்ச்சியில் துணிப் பொம்மையோடு பேச வாரம் ஒரு பாட்டுக்காரர் வருவார். சமையல் பாத்திரங்களைத் தட்டியே தாளம் போட்ட ஒருவர், மோர்சிங்கை வாயில் வைத்துத் தவளையாகக் கத்திக் காட்டிய ஒருவர், தடித்த குரலில் கதை சொல்வதுபோலப் பாடிய ஒரு பெண். அதுவரை சினிமாப் பாட்டைத் தவிர நான் எதையும் கேட்டதில்லை. பிள்ளைகள் பாதியிலேயே விளையாடப் போய்விடுவார்கள். நான் ரிமோட்டை எடுத்தால் என் கையைப் பிடிப்பாய். "இருடி. அதுங்க போவட்டும். நாம பாப்போம்."

சில வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை நீயும் பார்த்துவிட்டாய்.

"அது எப்பவும் நல்லாதான் கீது. உன் ஊட்லருந்து ஒரு பேச்சு சத்தமும் வர்ல. அதான் வந்தேன்" என்றாய்.

அந்தத் தடித்த குரல் பாடகி அம்பத்தூரில் ஒரு பள்ளி விழாவுக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினோம். விழா முடிந்து கிட்டே போனதும் அவர் குனிந்து பிள்ளைகளிடம், "பாட்டு பிடிச்சிருந்துதா?" என்றார். இரண்டும் தூங்கி வழிந்தன.

"அதுங்க சும்மா தொணைக்கு மேடம். நாங்கதான் உங்க பாட்டுக்கு வந்தோம்" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு, நம் இருவருக்காக மட்டும் இன்னொரு பாட்டுப் பாடினார். மேடையோரத்தில் சம்மணமிட்டுக் கேட்டோம்.

பிறகு நீங்கள் நசரத்பேட்டையில் வீடு கட்டிப் போனீர்கள். டிவியில் புதிதாக யாராவது பாடினால் எனக்குப் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல் போனை டிவிப் பக்கம் நீட்டுவாய். உனக்கு வந்த நோய் முதலில் உன் குரலைத்தான் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து என் போனில் பாட்டு வைத்தேன். போர்வைக்கு வெளியே உன் விரல் மட்டும் தாளம் போட்டது. நாம் சேர்ந்து கேட்டது அதுதான் கடைசி.

இப்போது மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்க நான் ஒருத்திதான். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, அந்தப் பாடகி நமக்காகப் பாடிய பாட்டு வாயில் வருகிறது. அதில் எறும்பு கேட்கும், யானை பதில் சொல்லும். அன்று ரயிலில் திரும்பும்போதே பிரித்துக்கொண்டோம்: எறும்பின் கேள்விகள் உனக்கு, யானையின் பதில்கள் எனக்கு. கேள்விகளும் எனக்கு மனப்பாடம்தான். ஆனாலும் அவற்றை நான் பாடுவதில்லை. நீ பாடி முடிக்கிற நேரம்வரை பொறுத்திருந்து, என் வரியை மட்டும் பாடுகிறேன்.