பதினோராவது பாடம்

சோபியா
2 ஏப்ரல் 1998

அன்புள்ள நெவெனா,

நலமா? விடினில் டான்யூப் ஆறு கரை புரண்டதாகச் செய்தியில் சொன்னார்கள். நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

நாம் பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. இத்தனை நாள் எழுதாதது என் தவறுதான். இப்போதும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்? என் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் புதிய பதிப்பு செப்டம்பரில் பள்ளிகளுக்குப் போகிறது. அதில் பதினோராவது பாடத்தை மட்டும் கல்வித் துறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயமூட்டுகிறவற்றைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள். எல்லாவற்றுக்கும் 'பயங்கரமான' என்றே பொருள் போட்டிருக்கிறேனாம். பள்ளி ஆய்வாளர் ஹ்ரானோவா முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஏன் சார், நம்ம ஆளுங்க சூப் நல்லா இருந்தாலும் 'பயங்கரமா இருக்கு'ம்பாங்க. அதையே இங்கிலீஷ்லயும் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?"

உனக்கு அரை நாள் வேலை. எந்தச் சொல்லை எங்கே சொல்வதென்று காட்ட, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அன்புடன்,
யாவோர்


விடின்
21 ஏப்ரல் 1998

அன்புள்ள யாவோர்,

தண்ணீர் வாசலோடு திரும்பிவிட்டது. ஈஸ்டருக்கு யார் முட்டை உடையாமல் நிற்கிறதென்று மோதிப் பார்க்க ஆளில்லாமல், ஆளுக்கொரு முட்டையோடு என் இரண்டு கைகளே மோதிக்கொண்டன. இடது கை ஜெயித்தது.

பாடம் இத்துடன் இருக்கிறது. இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடக் கூடாது. பிள்ளைகள் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே பயப்படுகிறார்களே, அது 'ஸ்பூக்கி'. ஆளில்லாத அறையின் அமைதி 'ஈரி'. பேருந்தில் காலி இருக்கைகள் இருக்க, நம்மை ஒட்டி வந்து உட்காருகிறவன் 'க்ரீப்பி'. இனி வரப்போவதை நினைத்து வயிற்றைப் பிசைகிறதே, அது 'ட்ரெட்'.

எனக்கு இரண்டு வேண்டுகோள். அட்டையில் உன் பெயருக்குக் கீழே என் பெயரும் வர வேண்டும். முந்தைய மூன்று பதிப்புகளும் நான் எழுதியவை. மூன்றிலும், "தட்டச்சு செய்து உதவிய என் மனைவிக்கு நன்றி" என்று போட்டாய். வெளியீட்டு விழாவில் ஒருவர் என்னிடம், "இங்கிலீஷ் தெரியாமலேயே இவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கீங்களேம்மா!" என்று பாராட்டினார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது, அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பாடத்தை நீ கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஒரே ஒரு முறை போதும்.

நெவெனா


சோபியா
14 மே 1998

அன்புள்ள நெவெனா,

அற்புதம்! ஓர் எழுத்து விடாமல் படித்தேன். பிள்ளைகள் இனி இந்தச் சொற்களை மறக்கவே மாட்டார்கள். நேற்றே நேராக அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் பெயர் விஷயம் இந்த முறை முடியவில்லை. அட்டை முன்பே தயாராகிவிட்டது. முன்னுரையில் வழக்கம்போல நன்றி சொல்லியிருக்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அவசரத்தில்,
யாவோர்


சோபியா
22 செப்டம்பர் 1998

நெவெனா,

நீ பெண்தானா? கூட்டத்தில் மாவட்ட ஆசிரியர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹ்ரானோவா புத்தகத்தைப் பிரித்து, என்னைப் பார்த்துக்கொண்டே சத்தமாகப் படித்தாள்.

"ஈரி: யாவோர் கெச்செவ் பன்னிரண்டு வருடம் புத்தகம் எழுதியதாகச் சொல்லும் அறையில், ஒரு நாளும் எழுதுகிற சத்தம் கேட்டதில்லை."

"க்ரீப்பி: மனைவி எழுதிய புத்தகத்தின் பின்னட்டைப் படத்திலிருந்து அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான்."

முன் வரிசையில் சிரிப்பு கிளம்பி பின் வரிசை வரை போனது. "இது அச்சகத்தின் தவறு" என்றேன். அவள் விடவில்லை. "சார், எழுதினது நீங்கதானே? நீங்களே எழுதியிருக்கீங்களே, நீங்க எழுதலைன்னு! இதுல எதை நம்பறது?"

அதற்கு மேல் படிக்க விடாமல் புத்தகத்தைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை. விசாரணை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே 'க்ரீப்பி சார்' என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். இது நீ பொறாமையில் செருகியது, மற்ற பாடமெல்லாம் என்னுடையது என்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுது. இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

யாவோர்


விடின்
29 செப்டம்பர் 1998

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது தங்கள் கடிதம் வந்தது. கை கழுவிவிட்டு இரண்டு முறை படித்தேன். யாராவது எழுதியதை நான் படிக்காமல் விடுவதில்லை.

தாங்கள் இன்னும் அந்தப் பாடத்தை முடிக்கவில்லை என்று தெரிகிறது. கடைசிச் சொல் 'அஃப்ரெய்ட்'. அதற்கான வாக்கியம் இது: "யாவோர், இதுவரை படித்துவிட்டாயா? பயப்படாதே. எனக்கு ஒரு போன் செய். ஒரு மணி நேரத்தில் எல்லா வாக்கியத்தையும் மாற்றித் தருகிறேன், உன்னை மன்னித்தும் விடுகிறேன்."

நல்ல வாக்கியங்களை அன்றே எழுதித் தயாராக வைத்திருந்தேன். மூன்று வாரம் போனை விட்டு நகரவில்லை. கடைக்குப் போனாலும் ஓடியே வந்தேன். மணி அடித்துவிடக் கூடாதே என்று ஒரு மனம், அடிக்க வேண்டுமே என்று ஒரு மனம். பிறகு தங்கள் 'அற்புதம்!' வந்தது. அந்த நல்ல வாக்கியங்களை அன்று மாலையே அடுப்பில் போட்டேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை, நன்றாகப் பசித்தது.

இப்போது நாட்டிலுள்ள ஏழாம் வகுப்பு முழுவதும் அந்தக் கடைசி வரியைப் படித்திருக்கும். தாங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேட்டபடி பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஒரே வரிதான்: "புத்தகத்தில் உள்ளதைப் பற்றி, அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே கேளுங்கள், முன்னுரையில் அவர் சொல்லியிருப்பதுபோல, நான் தட்டச்சு செய்தவள் மட்டுமே."

இப்படிக்கு,
தட்டச்சு செய்தவள்