பக்கச் சன்னல் பற்றிய பத்தி

10-6-1957, திங்கள். அட்டன்.
விடியலிலிருந்து மழை. விறகு ஈரம். தேநீர் மட்டும்.
பள்ளி விட்டதும் பெரிய கடைக்கு. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிவிட்டார்கள், கட்டடம் இப்போது சண்முகம்பிள்ளை முதலாளியுடையது. ஞாயிறு திறப்பு விழா. விழா மலருக்குக் கட்டட வரலாறு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். குறித்தவை:
— கருங்கல் அடித்தளம், இடுப்பளவு.
— வார்ப்பிரும்புத் தூண்கள் எட்டு. கப்பலில் வந்தவை.
— தேக்குப் படிக்கட்டு. நடுவில் இரண்டாகப் பிரிந்து மாடிக்கு.
— கூரையில் கண்ணாடி. இம்மழையிலும் துணிப் பிரிவில் வெளிச்சம்.
— சந்துப் பக்கம் கம்பி போட்ட சன்னல் ஒன்று. சீட்டை நீட்டினால் சாமான் வெளியே வரும். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அதுவே கடை. உள்ளே அவர்களில் எவரும் கால் வைத்ததில்லை.
கட்டடக் கலைஞனின் திறமையை மறுப்பதற்கில்லை. சன்னலையும் அவனே வரைந்திருக்கிறான்.

11-6, செவ்வாய்.
மழை. கட்டுரையை முடித்து முதலாளிக்குக் கொடுத்தனுப்பினேன். சன்னலுக்கு ஒரு முழுப் பத்தி.
சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆண்டு, கழுத்துப்பட்டி அணிந்து இக்கடையின் முன்வாசலில் ஏறினேன். காவலாளி தமிழன். லிந்துலைத் தோட்டத்தில் நான் பிறந்த கூலி லயத்தை அறிந்தவன். "அந்தப் பக்கங்க" என்றான், மெல்ல. மெல்லச் சொன்னதைத்தான் இன்றளவும் மன்னிக்க இயலவில்லை.
மனைவி இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன். நான்கு ஆண்டுகளாக என் வாக்கியங்களுக்குச் செவி இல்லை.

13-6, வியாழன்.
முதலாளி வீடு தேடி வந்தார்.
"அய்யா, தூணு, படி எல்லாம் அருமைங்க. அந்தச் சன்னல் மட்டும் வேணாமே."
"ஏன்?"
"நல்ல காரியத்துல அதெல்லாம் எதுக்குங்க? நேத்தே அடைச்சுப் பூசியாச்சு. இனி எல்லாருக்கும் ஒரே வாசல்."
ஒரே வாசல் நன்று. அதனாலேயே சன்னல் இருந்ததைச் சொல்ல வேண்டும் என்றேன். பத்தி இல்லையேல் கட்டுரையும் இல்லை. தலையாட்டிப் போனார். சம்மதம் எனக் கொண்டேன்.

15-6, சனி.
மலர் கிடைத்தது. பத்தி இல்லை. அவ்விடத்தில்: "துரைமாரும் தொழிலாளரும் வேற்றுமையின்றிப் புழங்கிய அங்காடி." கீழே என் பெயர், பி.ஏ. உட்பட.
அச்சகத்தில் கேட்டேன். "மொதலாளி மாத்தச் சொன்னாருங்க. ஒங்களுக்குத் தெரியும்னாரு."
குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன், இரண்டு முறை. ஐம்பத்து நான்கு வயதில் என் பெயரில் முதன்முதலாக அச்சேறியது ஒரு பொய்.

16-6, ஞாயிறு.
தூறல். வாழைமரம், நாதஸ்வரம். முன்வாசல் விரியத் திறந்திருந்தது. தோட்டத்துச் சனம் அதைக் கடந்து சந்துக்குள் போயிற்று. பூச்சுக் காயாத சுவருக்கு எதிரே வரிசை. முப்பது பேராவது.
முதலாளி கத்தினார்: "வாசலால வாங்க! எல்லாரும் வாசலால வாங்க!"
அசைவில்லை. வரிசையில் பேச்சு மட்டும்.
"பூசி வச்சிருக்கே, அக்கா?"
"காயட்டும்டி, தொறப்பாங்க. ஒனக்கென்ன அவசரம், தொர வீட்டு விருந்தா?"
சிரிப்பு.
முதலாளி என்னிடம் ஓடிவந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்கய்யா."
"உங்கள் மலரைப் படித்துக் காட்டுங்கள்" என்றேன். வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.
முன்னால் நின்ற பெண் திரும்பினாள். கூடையை ஒதுக்கி வழிவிட்டாள்.
"நீங்க எதுக்குங்க இங்க? முன்வாசலுக்குப் போங்க. இது எங்க வரிச."